விடியலில் அணையும் அறுபது வாட்

பல்பு என்றால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. எரியாததற்குக் காரணங்கள் கொஞ்சம்தான். பல்பு போயிருக்கும், பியூஸ் போயிருக்கும், ஒயர் போயிருக்கும், அதுவும் இல்லையென்றால் ஊருக்கே கரண்ட் போயிருக்கும். இவ்வளவையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் நான் ஒயர்மேன் ஆனேன். நான் வந்தால் எரிந்து, நான் போனால் அணைகிற பல்பு ஒன்று உலகத்தில் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு, எழுபத்தேழு இருக்கும். எனக்கு வீடு சித்தூரில். மனைவி தபீதாள் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு வேலை திருப்பதியில், வேதாச்சலம் அண்ணனுடைய எலக்ட்ரிக் கடையில். காலையில் பஸ் ஏறுவேன். பஸ் புத்தலப்பட்டில் நின்று, டிரைவர் டீ குடித்து, ஏறுகிறவர்களின் கோழி, கூடை எல்லாம் கூரைக்குப் போய், ஒரு வழியாகத் திருப்பதி வந்து சேரும்போது கடை திறந்து ஊதுபத்தி பாதி எரிந்திருக்கும். "வாடா ஜெபதாஸ், கடைக்கு லைட்டுப் போடச் சொன்னா சூரியன கூட்டிகினு வர்றியே" என்பார் அண்ணன். தினமும் இதையேதான் சொல்வார். நானும் தினமும் சிரிப்பேன். சம்பளம் வாங்குகிறோமே.

ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போது தோதாத்ரி சாமி கடையில் உட்கார்ந்திருந்தார். கோயிலில் பாராயணம் பண்ணுகிறவர். கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே முகம் அவ்வளவு பளிச்சென்று இல்லை.

"ஏம்பா வேதாச்சலம், எங்காத்து அடுக்களை லைட்டு விடியக்காலம் அணைஞ்சு போயிடறது. வெயில் ஏறினா தானா எரியறது. இதென்ன கூத்து?"

"தானா எரிஞ்சா நல்லதுதானே சாமி. கூலி மிச்சம்."

"பட்டப்பகல்ல எரிஞ்சு யாருக்கு என்ன ஆகணும்? எங்கக்காவுக்கு விடியக்காலம்னா வேணும்!"

"அடுத்த ரூம்புல எரியுதா சாமி?"

"எல்லா எடத்துலயும் எரியறது. அடுக்களை மட்டும்தான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். கஷ்டமான வேலை வந்தால் அவர் பார்க்கிற பார்வை அது. சுலபமான வேலைகளுக்கு அவரே போவார்.

அந்த வீட்டில் மூன்று பேர். தோதாத்ரி சாமி, அவர் மனைவி வஸுமதி அம்மா, அப்புறம் சாமியின் அக்கா வரலக்ஷ்மி அம்மா. அக்கா இளம் வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். வந்த நாள் முதல் அடுக்களை அவருடையது. விடியுமுன் எழுந்து, கிணற்றில் குளித்து, ஈரமும் ஆசாரமுமாக அடுப்பு மூட்டி, வீட்டுப் பெருமாளுக்குத் தளிகை, அதாவது சமையல், பண்ணி முடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் தெருவில் மற்றவர்களுக்குப் பொழுது விடியும். சமீபமாகக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. விளக்கு வெளிச்சம் போதவில்லை, பல்பு வேண்டும். அந்தப் பல்போ சரியாக அவர் அடுப்பு மூட்டும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது.

"எப்போலேர்ந்துமா இப்படி?" என்று வஸுமதி அம்மாவைக் கேட்டேன்.

"தைக்கு வெள்ளையடிச்சோம். அதுக்கப்புறம்தான்."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சுண்ணாம்புத் தண்ணீர் ஸ்விட்சுக்குள் போயிருக்கும். காலைப் பனியில் ஈரம் பிடித்து அணைகிறது, வெயிலில் உலர்ந்து எரிகிறது. இவ்வளவு சீக்கிரம் ஒரு கோளாறை நான் கண்டுபிடித்ததே இல்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆனால் அடுக்களைக்குள் நான் நினைத்தபோது நுழைய முடியாது. தளிகை நடக்கும்போது வீட்டுக்காரரே உள்ளே போகமாட்டார், நான் எந்த மூலை? எல்லாரும் சாப்பிட்டு முடித்து, அடுக்களையைக் கழுவிவிடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கிடைக்கும். எப்படியும் கழுவப்போகிற இடம் என்பதால் அந்த இடைவெளியில் நான் போய் வரலாம். இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. என் வீட்டிலேயே தபீதாள் என்னை அடுப்பங்கரைக்குள் விடமாட்டாள். அதற்குக் காரணம் ஆசாரம் இல்லை, பால் பாத்திரம்.

ஆகவே மத்தியானம் உள்ளே போனேன். பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது, என்னை வரவேற்பதுபோல.

அடுக்களையில் ஆள் உயரத்துக்கு மேலே, விட்டத்திலிருந்து இரண்டு கயிறுகளில் ஒரு மூங்கில் கொடி தொங்கியது. அதில் ஒரு புடவை. மறுநாள் அந்த அம்மா குளித்துவிட்டு உடுத்த வேண்டிய மடிப்புடவை. யார் கையும் படக்கூடாது என்றுதான் அந்த உயரம். அவரே அதை ஒரு நீளக் கோலால்தான் போடுவார், கோலால்தான் எடுப்பார்.

"அந்தப் பக்கம் மட்டும் போகாதே. மடி மேல பட்டுடுத்துன்னா அக்கா மறுபடியும் கிணத்தடிக்குப் போகணும்," என்றார் வஸுமதி அம்மா வாசல்படிக்கு அப்பாலிருந்து.

நான் போகாதது மட்டுமில்லை, பார்க்கவும் இல்லை. அடுத்த வீட்டு அம்மாவின் புடவையை அண்ணாந்து பார்ப்பது எங்கள் சபையிலும் நல்ல பழக்கம் கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு ஸ்விட்சைக் கழற்றினேன். உள்ளே சுண்ணாம்பு இல்லை, ஈரம் இல்லை. ஒரு செத்த பூச்சி மட்டும் இருந்தது. அது என்னைப் பார்த்துச் சிரித்ததாக இப்போதும் எனக்கு ஒரு நினைப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று புது ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியலில் அணைந்தது.

அடுத்த தடவை ஹோல்டரை மாற்றினேன். அணைந்தது. பல்பை மாற்றினேன். அணைந்தது. பியூஸ் கட்டையைக் கழற்றிச் சுரண்டிப் புதுக் கம்பி போட்டேன். அணைந்தது. ஒவ்வொரு தடவையும் நான் போகும்போது அந்தப் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். டெஸ்டரை எங்கே வைத்தாலும் கரண்ட் இருக்கிறது என்று சொல்லும். வைத்தியன் வாசலுக்கு வந்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற நோயாளியை என்ன செய்வது?

வேதாச்சலம் அண்ணன் தன் பங்குக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். "விடியக்காலம் திருப்பதி மொத்தமும் எய்ந்து லைட்டுப் போடுது. கரண்டு பத்தல."

"அப்போ கூடத்து லைட்டு மட்டும் எப்பிடிண்ணா எரியுது?"

"அது கூடம்டா. வர்றவன் போறவன் பாக்குற எடம். அதுக்குக் கொஞ்சம் வெக்கம் இருக்கும்."

வீட்டில் தபீதாளிடம் சொன்னேன். அவள் பிள்ளைகளின் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"இன்னாங்க, காலையில எய்ந்துக்க முடியாம திரும்பிப் படுத்துக்குது, வெயில் வந்தா முழிச்சுக்குது. உங்களுக்கு ஒண்ணு விட்ட தம்பியா அது?"

"வெளையாடாத தபீதா. அந்தம்மா இருட்டுல கஞ்சி வடிக்கச்சொல்ல கைய சுட்டுகினாங்களாம்."

அவள் நிமிர்ந்தாள். "ஐயோ. ரொம்பவா?"

"மணிக்கட்டுல. நான் பாக்கல, சொன்னாங்க."

"அப்ப இங்க குந்திகினு இன்னா பண்றீங்க? அணையற நேரத்துல போய்ப் பாத்தாதானே தெரியும்? செத்தப்புறம் போயி நாடி புடிக்கிறீங்களே."

நியாயம்தான். ஆனால் அந்த நேரத்துக்குப் பஸ் இல்லையே.

அடுத்த முறை போனபோது தோதாத்ரி சாமி கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஸ்விட்ச் மாத்தியாச்சு. ஹோல்டர் மாத்தியாச்சு. பல்பு மாத்தியாச்சு. இனிமே மாத்தறதுக்கு நீ ஒருத்தன்தான் பாக்கி."

"ஒயர்ல எங்கயோ இருக்குது சாமி..."

"எங்கயோ இருந்துட்டுப் போகட்டும். அக்கா கையைச் சுட்டுண்டாச்சு. இன்னொரு தடவை புடவைத் தலைப்புல நெருப்புப் பிடிச்சுண்டா நான் என்ன பண்ணுவேன்? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். சரியாச்சா சரி. இல்லேன்னா அக்கா ஓய்வா உக்காரட்டும், தளிகையை வஸுமதி பாத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். கோபமாகத்தான் போனார், ஆனால் கண் என்னவோ கலங்கியிருந்தது. எனக்குக் குழப்பமாக இருந்தது. பல்பையே புரிந்துகொள்ள முடியவில்லை, இவரை எங்கே புரிந்துகொள்வது?

வஸுமதி அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். அந்த டம்ளரை நான் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும், அது வேலையில் சேர்த்தி. வைத்தவர் அப்படியே நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடேன் ஜெபதாஸு. அக்கா கைப்பக்குவம் எனக்கு வராது. நாலு மணிக்கு எழுந்துக்கவும் வராது. இவர் வாய்ல சொல்லமாட்டார், ஆனா ஒவ்வொரு கவளத்துக்கும் மூஞ்சியைப் பாக்கணுமே நான்."

அவர் நகர்ந்ததும் மூடியிருந்த அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. வரலக்ஷ்மி அம்மா என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏம்பா."

"சொல்லுங்கம்மா."

"இந்த ஆத்துல எனக்குன்னு வேற ஒண்ணும் கிடையாது. சொத்து இல்லை, பிள்ளை குட்டி இல்லை. இந்த அடுப்பு இருக்கிறவரைக்கும் நான் இந்த ஆத்து மனுஷி. அதையும் எடுத்துட்டா நான் விருந்தாளி. விருந்தாளி எத்தனை நாள் இருப்பா, சொல்லு?"

 டம்ளரை இரண்டு தடவை கழுவினேன்.

அன்று ஊருக்குப் போகவில்லை. கடையிலேயே ஒயர்ச் சுருள்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன். விடிவதற்கு முன் தோதாத்ரி சாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். கூடத்தில் என்னை ஒரு மூலையில் உட்காரச் சொன்னார்கள். எதிரே அடுக்களைக் கதவு, சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே விரற்கடை இடுக்கு. அதில் மஞ்சளாக ஒரு கோடு வெளிச்சம். அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கருவி அந்த இடுக்குதான்.

சாமி ஜபத்தில் இருந்தார். ஜபம் முடியும் வரை பேசமாட்டார். நான் உட்கார்ந்ததும் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு ஒயரா, இரண்டு பல்பா, இன்னும் இரண்டு நாள் தவணையா? நான் தலையை ஆட்டினேன். அவர் கோபமாக மறுபடியும் காட்டினார். நான் இன்னும் பலமாக ஆட்டினேன். கடைசியில் வஸுமதி அம்மா வந்து, "இன்னும் ரெண்டடி தள்ளி உக்காரச் சொல்றார்," என்றார்.

தள்ளி உட்கார்ந்தேன். சாமி ஜபம் முடித்து, எழுந்து, "மத்தியானம் வரைக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார். பின்பக்கம் கிணற்றில் ராட்டினம் ஓடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே நடமாட்டம் கேட்டது.

"அம்மா, லைட்டு எரியுதுங்களா?"

"எரியறது."

"அணைஞ்சா உடனே சொல்லுங்க."

"அணைஞ்சா நோக்கே தெரியுமே. கதவிடுக்கையே பாத்துண்டிருக்கேன்னு வஸுமதி சொன்னா."

பாத்திரம் நகர்ந்தது. சுள்ளி ஒடிந்தது. பிறகு மெதுவாக, முதுகு வலிக்காரன் எழுந்திருக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. *கிர்ர்ர்*. கொஞ்சம் நின்று, மறுபடியும் *கிர்ர்*.

கோடு மறைந்தது.

"போயிடுத்து," என்றார் அம்மா, சாதாரணமாக.

"அம்மா! இப்ப இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"ஒண்ணுமே பண்ணாம எப்பிடிம்மா போவும்? ஸ்விட்ச தொட்டீங்களா?"

"ஸ்விட்சை நான் ஏன் தொடறேன்? அரிசி களைஞ்சுண்டிருந்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அடுப்பு மூட்டினேன்."

"அதுக்கும் முன்னாடி?"

"பெருமாளைச் சேவிச்சேன். இதெல்லாம் எதுக்கு நோக்கு? நான் சேவிச்சா லைட்டு அணையுமா?"

"இல்லம்மா, இல்லம்மா. குளிச்சிட்டு வந்ததுலேர்ந்து ஒண்ணு விடாம சொல்லுங்களேன்."

"வந்தேன். மடியை எடுத்து உடுத்திண்டேன். சேவிச்சேன். மூட்டினேன். களைஞ்சேன். அவ்வளவுதான்."

நான் தலையைச் சொறிந்துகொண்டேன். இதில் எங்கேயும் கரண்டுக்கு வேலையே இல்லை. ஆனால் அந்தச் சத்தம்?

"ஏதோ கிர்ருன்னுச்சேம்மா?"

"அதுவா? அது கொடி."

"கொடி ஏன் கத்துது?"

"ஈரத்தைப் போட்டா கத்தாதா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஈரத்த போட்டீங்களா? அதச் சொல்லவே இல்லையே!"

"நனைஞ்ச புடவையைப் பிழிஞ்சு கொடியில போடறது ஒரு காரியமாப்பா? மூச்சு விட்டேன்னு கூடத்தான் நான் சொல்லலை."

அப்போது எனக்கு ஒரு சங்கடம். அடுத்த கேள்வி புடவையைப் பற்றியது. விடியற்காலையில், அடுத்த வீட்டுக் கூடத்தில் நின்று, கதவுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பெரிய மனுஷியிடம் அவர் புடவையைப் பற்றி ஒரு ஒயர்மேன் எந்த வார்த்தையில் கேட்பது? தொண்டையைச் செருமினேன். மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன்.

"அம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. அது... காஞ்சதவிட... நனைஞ்சது கனமா இருக்கும் இல்லைங்களா?"

"ஒம்பது கெஜம், கிணத்துத் தண்ணியோட. நீ தூக்கிப் பாரேன், தெரியும்."

"அந்த மடிக்கோல் கையில இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அதால கொடி மூங்கில அடியிலேர்ந்து மெல்ல தூக்குங்க. கொஞ்சமா. ஒயர்ல மட்டும் படவேணாம்."

கோல் மூங்கிலைத் தேடித் தட்டியது. பிறகு *கிர்ர்*.

கதவிடுக்கில் மஞ்சள் கோடு பளிச்சென்று வந்து விழுந்தது.

"எரியறது!" குரல் மாறியிருந்தது.

"இப்ப விடுங்க."

கோடு போயிற்று. "அணைஞ்சுடுத்து."

"தூக்குங்க."

"எரியறது."

"விடுங்க."

"அணைஞ்சுடுத்து! வஸு! வஸுமதி! இங்க வந்து பாரேன்! தூக்கினா எரியறதுடி, விட்டா அணையறது!"

அதற்குப் பிறகு நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அந்த அம்மா தூக்கினார், விட்டார், தூக்கினார், விட்டார். கோடு வந்தது, போனது, வந்தது, போனது. உள்ளே இரண்டு பெண்களும் சிரிக்கிற சத்தம். அடுப்பில் என்ன கருகியதோ தெரியாது. நான் மூலையில் நின்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை மத்தியானமும் அந்த அடுக்களையில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு மூங்கிலைத் தவிர. மரியாதையாகத் தலையைக் குனிந்து குனிந்தே ஒரு வீட்டை இருட்டில் வைத்திருக்கிறேன்.

சிரிப்பு நின்றது. வஸுமதி அம்மா வேலையைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். வரலக்ஷ்மி அம்மாவின் குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது.

"அப்போ கயிறுதான், இல்லையா?"

"கயிறு எதுல கட்டியிருக்குதுன்னு பாக்கணும்மா. ஒயர் ஓடற மரச்சட்டத்தோட சேத்துக் கட்டியிருந்தா, கனம் ஏறச்சொல்ல சட்டத்த இழுக்கும். அங்க ஒரு ஜாயிண்ட் இருந்தா பிரிஞ்சுக்கும். காஞ்சு லேசாச்சுன்னா திரும்பச் சேந்துக்கும். வெள்ளையடிக்கச்சொல்ல அவுத்திருப்பீங்களே, திரும்ப யாரும்மா கட்டினது? வெள்ளையடிக்கறவங்களா?"

உள்ளே கோலைச் சுவரில் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மடிக்கொடியை அவாள்லாம் தொடப்படாதுன்னு தோதாத்ரிதான் கட்டினான்," என்றார் கடைசியில். "ஏணி மேல ஏறிண்டு, பெருமையா. 'யானையைத் தொங்கவிட்டாலும் அவுராது அக்கா'ன்னான்."

எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷம் குபீரென்று கிளம்பியது. இனிமே மாத்தறதுக்கு நீ ஒருத்தன்தான் பாக்கி என்று சொன்னாரே! வரட்டும், சொல்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் வாக்கியம் கூடத் தயார் பண்ணிவிட்டேன்.

"அவன் கேட்டா எலின்னு சொல்லிடு," என்றார் அம்மா.

"எலியா?"

"எலி கடிச்சிருந்துதுன்னு."

"எதுக்கும்மா? சாமி கட்டினதாலதானே உங்க கை சுட்டுது? உங்க அடுப்பே போவ இருந்தது!"

"அதனாலதான் சொல்றேன். அவன் கட்டின கயித்தால என் கை சுட்டுதுன்னு தெரிஞ்சா அவன் சாப்பிடமாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். தப்புப் பண்ணிட்டா தட்டு முன்னாடி உக்காந்துண்டு முழிச்சுண்டிருப்பான். அவன் சாப்பிடலேன்னா நேக்கு அடுப்பு எதுக்கு, லைட்டு எதுக்கு?"

நான் தயார் பண்ணின வாக்கியத்தை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு உள்ளே போனேன். அம்மா கோலால் புடவையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். மெயினை அணைத்துவிட்டு, ஏணி போட்டு ஏறி, முதல் தடவையாக அந்தப் பக்கம் பார்த்தேன். தென்னங்கயிறு விட்டத்தையும் மரச்சட்டத்தையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சு. யானை விஷயத்தில் சாமி பொய் சொல்லவில்லை. அதன் கீழேயே, கறுத்துப்போன டேப்புக்குள், எந்தக் காலத்திலோ யாரோ முறுக்கிவிட்ட ஒரு ஜாயிண்ட். டேப்பைப் பிரித்தால் இரண்டு கம்பியும் மனஸ்தாபமான சம்பந்திகள்போலத் தொட்டும் தொடாமலும் இருந்தன.

அந்த ஒயரை எடுத்தெறிந்து, இடையில் ஜாயிண்டே இல்லாமல் புது ஒயர் இழுத்தேன். விட்டத்தில் ஒயரை விட்டு எட்டத் தள்ளி இரண்டு கொக்கி அடித்து, கொடியை அதில் மாட்டினேன். மெயினைப் போட்டேன். எரிந்தது. ஆனால் அது எப்போதும் நான் இருக்கும்போது எரிகிற பல்பாயிற்றே? அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்கும் வரவில்லை போலிருக்கிறது. பின்கட்டிலிருந்து, "தள்ளிக்கோ," என்று குரல் வந்தது. பாதி காய்ந்திருந்த புடவையை மறுபடியும் கிணற்றில் நனைத்து, பிழியாமல், சொட்டச் சொட்டக் கோலில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கூடத்துக்கு ஓடினேன். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

"இன்னிக்கு ரெண்டாந்தரம் குளிச்சா குளிச்சுட்டுப் போறேன். நாளைக்கு விடியறவரைக்கும் நேக்குப் பொறுமை கிடையாது," என்றபடி கொடியில் போட்டார்.

மூங்கில் முனகியது. தண்ணீர் தரையில் சொட்டியது. பல்பு எரிந்தது. வஸுமதி அம்மா கதவோரம் நின்றார், நான் இரண்டடிக்கு மேலேயே தள்ளி நின்றேன். பட்டப்பகலில் மூன்று பேர் ஒரு அறுபது வாட் பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம். அது அணையவில்லை. அந்த அம்மா முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். வியர்வையாக இருக்கலாம். மணிக்கட்டில் சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு அந்தச் சுட்ட புண் தெரிந்தது.

தோதாத்ரி சாமி வந்தார். பல்பைப் பார்த்தார், சொட்டுகிற புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன இருந்தது?"

"எலி, சாமி."

"எலியா?"

"ஒயர கடிச்சு வெச்சிருந்துது. காலையில சில்லுன்னு இருக்கச்சொல்ல பிரிஞ்சுக்கும், வெயில்ல சேந்துக்கும்." எப்படி இவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. உண்மை பேசும்போது நான் இவ்வளவு தெளிவாகப் பேசியதே இல்லை.

"நான் அப்பவே நினைச்சேன்!" என்றார் சாமி. "ராத்திரியெல்லாம் பரண்ல ஓடறது. வஸுமதி, நான் சொல்லலை?"

"சொன்னேள்," என்றார் வஸுமதி அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கொக்கி புதுசா இருக்கே?"

"எலி கயித்து வழியா எறங்குதுங்க சாமி. அதான் தள்ளி மாட்டினேன்."

"ம்."  பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக் கேட்டார். "நாளைக்கு என்னக்கா தளிகை?"

"நோக்கு என்ன வேணும்?"

"புளியோதரை பண்ணேன். நாளாச்சு."

அவ்வளவுதான். ஓய்வு, வஸுமதி, மத்தியானம் வரைக்கும் எல்லாம் அந்தப் புளியோதரையில் கரைந்துபோயின. நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கப் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"ஒம்பது கெஜத்துல ஒரு எலியை நான் இப்பதாம்பா பாக்கறேன்."

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சாமி எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை என்பதை அந்தக் கயிற்று முடிச்சுகளைப் பார்த்தபோதே நான் புரிந்துகொண்டிருக்கலாம். சில நாள் கழித்துக் கடை மூடுகிற நேரத்துக்கு வந்தார். கையில் மரத்தாலான எலிப்பொறி. அதற்குள் ஒரு எலி, தேங்காய்ச் சில்லோடு.

"மாட்டிண்டுடுத்து! பாரு, இதுதானே?"

நான் எலியைப் பார்த்தேன். எலி என்னைப் பார்த்தது. கோர்ட்டுக்கு வந்தவன் பொய்ச்சாட்சியைப் பார்க்கிற பார்வை.

"இதுதான் சாமி," என்றேன்.

"கொல்லப்படாது. நான் கொண்டுபோய் விட்டா திரும்பி வந்துடும், நம்ம தெரு அதுக்குத் தெரியும். நீ ஊருக்குப் போறவன்தானே, வழியில எங்கயாவது விட்டுடு." கிளம்பியவர் நின்றார். மடியிலிருந்து ஒரு இலைப்பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அக்கா குடுத்தா. புளியோதரை. இன்னிக்குப் பண்ணினது. தினம் விடியக்காலம் லைட்டு எரியறது." கொஞ்சம் தயங்கினார். "உன்னை மாத்தணும்னு சொன்னேன். மனசுல வெச்சுக்காதே."

வேதாச்சலம் அண்ணன் அவர் போகும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். மடியில் பொறி, பொறிமேல் துண்டு, துண்டின்மேல் புளியோதரை. கண்டக்டர் வந்து, உள்ளே என்ன என்று தெலுங்கில் ஆரம்பித்தார்.

"ஏமய்யா, லோப்பல ஏமுந்தி? ஏதோ சுரண்டுதே?"

"எலி."

"எலுக்கா? எங்க எடுத்துகினு போற?"

"நாடு கடத்தறாங்க. செய்யாத தப்புக்கு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். சித்தூர் போய்ச் சேரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

புத்தலப்பட்டில் டிரைவர் டீக்கு இறங்கினார். நானும் இறங்கினேன். ரோட்டோரம் வேர்க்கடலைச் செடி காடாக நின்றது. பொறியைத் திறந்தேன். எலி வெளியே வரவில்லை, அதற்கும் குழப்பம். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி புளியோதரையை வாசலில் வைத்தேன். மூக்கை நீட்டியது, மோந்தது, ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டு செடிக்குள் ஓடியது.

மீதியை நான் சாப்பிட்டேன். தம்பி சாப்பிடவில்லையென்றால் அடுப்பு எதற்கு என்று அந்த அம்மா கேட்டாரே, அது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார்.